ஓஸ்வால்டுக்கு ஒரு பீப்பாய்

அல்வீனே கேட்டது ஒரே ஒரு பீப்பாய் பீர். குடிப்பதற்காக இல்லை, புருஷனை வழியனுப்புவதற்காக.

ஹல்லிகா பீர் ஆலையில் யாரும் கேட்காத விஷயமல்ல அது. எங்கள் ஆலையில் வேலை பார்த்தவர் யார் செத்தாலும், சாவு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் கறுப்பு பீர் போகும். ஆலை ஜெர்மன் பிரபு கையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஜார் போனார், பிரபு போனார், எஸ்தோனியக் குடியரசு வந்தது. அப்புறம் ரஷ்யர்கள், அப்புறம் ஜெர்மானியர்கள், திரும்பவும் ரஷ்யர்கள். ஆலை வாசலில் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. சாவுப் பீப்பாய் மட்டும் நிற்கவில்லை.

அதற்கென்று ஒரு முறை உண்டு. பீப்பாயின் மேல்வளையத்தில் தேவதாருக் கிளை ஒன்றைச் செருகுவார்கள். அதன் நுனி ஒடிக்கப்பட்டிருக்கும். சாவு வீட்டு வாசலில் நுனி ஒடித்த கன்றுகளை நடுவோமே, அதே அடையாளம்தான். முதல் குவளையை ஆலையின் மாஸ்டர், அதாவது பீர் காய்ச்சுகிறவர்களின் தலைவர், தன் கையால் பிடித்து, செத்தவரின் நெருங்கிய சொந்தத்திடம் கொடுப்பார். அவர் செத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் நின்றபடி ஒரு வாய் குடிப்போம். குவளையோடு குவளை மோதக் கூடாது. சத்தமே வரக் கூடாது. அதற்குப் பிறகு உட்காரலாம், பேசலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். அதுவரை கூடாது.

நான் பாட்டில் கழுவும் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவுக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியும் நான்தான். யார் வீட்டிலாவது சாவு என்றால் மேலாளரிடம் போய்ப் பீப்பாய் கேட்பது என் வேலை. அதனால்தான் ஐம்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் எங்கள் பிரிவு அல்வீனே என் கையைப் பிடித்து மேலாளர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மேலாளர் பிஹ்லாக் எஸ்தோனியர்தான், ஆனால் லெனின்கிராடு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் எஸ்தோனிய மொழி, உப்புப் போட மறந்த கஞ்சி மாதிரி இருக்கும். ஆள் மரியாதை தெரிந்தவர்.

"உட்காருங்கம்மா" என்றார்.

"உட்கார வரல. என் வீட்டுக்காரர் இறந்துட்டார். பீப்பாய் வேணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அடடா. எப்போ?"

"நாப்பத்திரண்டுல."

பிஹ்லாக் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஓஸ்வால்ட் கார்னர்" என்றாள் அல்வீனே. "இந்த ஆலையோட மாஸ்டரா இருந்தவர். யூரல் மலைப் பக்கம், முகாம்ல. அவர்கூட அங்க இருந்த ஆள் ஒருத்தர் போன மாசம் விடுதலையாகி வந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரைக்கும் இருக்காரா இல்லையான்னே தெரியாது."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார் பிஹ்லாக். உண்மையாகத்தான் சொன்னார். "ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. உடம்பு இல்ல, தேதி இல்ல, ஒரு சர்டிபிகேட்டும் இல்ல. நான் எந்தப் பேர்ல பீப்பாய் குடுக்கிறது?"

"இப்பத்தானே பேரைச் சொன்னேன்."

"அது இன்னிக்கு வெறும் பேர் இல்ல. அது ஒரு வழக்கு. அந்த வழக்கை யாரும் இன்னும் மூடல."

"அவரையே மூடிட்டாங்களே. வழக்கை மூடலைன்னா எனக்கென்ன?"

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். முற்றத்தில் லாரியில் காலிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அந்தாளு கெட்டவர் இல்லடி" என்றேன்.

"கெட்டவனா இருந்தா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டாவது வந்திருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சு" என்றாள்.

ஓஸ்வால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹல்லிகாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு. ஒன்று ஊற்று, சுண்ணாம்புக் குன்றுக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர். அதை நம்பித்தான் பிரபு குடும்பம் இங்கே ஆலை கட்டியது. குன்றைக் குடைந்து நிலவறை வெட்டி, பிப்ரவரியில் ஏரியிலிருந்து பனிக்கட்டி அறுத்து அதில் அடுக்கினார்கள். ஆகஸ்ட் வரை கரையாது. அந்தக் காலத்தில் ஹல்லிகா வெளிர் பீர் பனிச்சறுக்கு வண்டிகளில் பீட்டர்ஸ்பர்க் வரை போயிருக்கிறது.

இரண்டாவது ஓஸ்வால்டின் கறுப்பு பீர். அவருக்கு முன்பும் இங்கே கறுப்பு பீர் உண்டு. கசப்பாக, கரிந்த வாசனையோடு இருக்கும், சாவு வீட்டுக்கு மட்டுமே லாயக்கு என்பார்கள். ஓஸ்வால்ட் வந்து மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, ரொட்டியின் மேல்தோல் நிறத்துக்கு வறுத்து, மெதுவாகக் காய்ச்சி, நிலவறையில் வாரக்கணக்கில் உறங்கவிட்டார். குடியரசுக் காலத்தில் பக்கத்து நாட்டு ரீகா பொருட்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. தாலின் துறைமுகத்துக் கப்பல்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான் என்றாயிற்று.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில், கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும்போது ரஷ்யர்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். வெளியே லாரியில் அல்வீனே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூட்டை, காலில் வீட்டுச் செருப்பு. ரயிலடியில் ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் பிரித்தார்கள். அதற்குப் பிறகு இவள் அவரைப் பார்க்கவில்லை. சைபீரியாவில் ஒரு கூட்டுப்பண்ணையில் பதினைந்து வருஷம் நாருக்காக ஆளிச்செடி உரித்தாள். ஐம்பத்தாறு கடைசியில்தான் திரும்பி வந்தாள். அவர்கள் இருந்த மாஸ்டர் வீட்டில் அப்போது நான்கு குடும்பங்கள். இவளுக்கு ஆலைக்குப் பின்னால் ஒரு அறை, பாட்டில் கழுவுகிற வேலை.

போருக்குப் பிறகு மாஸ்கோ சொன்ன அளவுப்படி ஒரே ஒரு ரகம்தான் காய்ச்சினோம். மஞ்சளாக, நுரை நிற்காமல். கறுப்பு பீர் வருஷத்துக்கு ஒரு சின்னத் தொட்டி, சாவுகளுக்காக மட்டும். நிலவறையில் பூட்டு, பூட்டுக்கு மேலாளரின் முத்திரை. அதைக் காய்ச்சியவர் ஹூகோ. ஓஸ்வால்டிடம் உதவியாளாக இருந்து, அவரைக் கொண்டுபோன அன்றைக்குக் கொப்பரை பக்கத்தில் நின்றவர். அப்போது அவர்தான் மாஸ்டர். நெட்டையான ஆள். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

எங்கள் கூட்டத்தில் பேச்சுக்குக் குறைவில்லாதவர் பீப்பாய் செய்கிற ஆகுஸ்ட். அல்வீனேக்கு பீப்பாய் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் பாட்டில் கழுவும் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"அல்வீனே, இதுக்கெல்லாம் கண்ணைக் கசக்கலாமா? நிலவறைக்கு ரெண்டு கதவு. முன்கதவுக்குத்தான் முத்திரை. பின்னாடி பனிக்கட்டி இறக்குற வழி இருக்கு பாரு, அதுல ஒரு பீப்பாயை உருட்டிடுறேன். நாளைக்குச் சாயங்காலம் உன் ரூம்ல இருக்கும்."

"வேணாம்."

"எவனுக்கும் தெரியாது."

"அதான் வேணாங்கிறேன்." கையிலிருந்த பாட்டிலை ஓங்கி வைத்தாள். "யாருக்கும் தெரியாம ரூமுக்குள்ள உட்கார்ந்து குடிக்கிறதுக்குப் பேரு சாவுச் சாப்பாடா? ஒரு கூடைப் பாட்டில் கள்ளத்தனமா எடுத்ததுக்கு அவர் ஒருத்தனை வேலைய விட்டே தூக்கினவர். திருட்டு பீர் ஊத்தியா அவரை அனுப்புவேன்? ஆலை குடுக்கணும். பெரிய வாசல் வழியா வரணும். கூட வேலை பார்த்தவங்க நின்னு குடிக்கணும். இல்லைன்னா ஒண்ணும் வேணாம்."

"சரிதான். புருஷனைவிடப் பெண்டாட்டிக்கு முறுக்கு அதிகம்" என்று முனகிக்கொண்டே ஆகுஸ்ட் போனார்.

அன்று மதியம் ஹூகோ எங்கள் கூடம் வழியாகப் போனார். அல்வீனே ஈரக்கையோடு அவருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை மேனேஜர்கிட்ட சொன்னா என்ன?"

ஹூகோ தரையைப் பார்த்தார்.

"நாக்கு இருக்கா, இல்ல அதையும் நிலவறையில பனிக்கட்டிக்கு நடுவுல வெச்சுட்டீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். ஹூகோவின் காது சிவந்தது. "பார்லி பத்தல" என்றார்.

"எதுக்கு?"

அவர் போய்விட்டார்.

"பார்லி பத்தலையாம்!" அல்வீனே எங்கள் பக்கம் திரும்பினாள். "நனைஞ்ச கோணி. அவர் இவனுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தார். இவன் அவர் நாற்காலியில உட்கார்ந்திருக்கான். ஒரு வார்த்தை வாயில வரல பாரு."

நானும் அப்போது ஹூகோவைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் புரட்சிக்கு அந்த வருஷம் நாற்பது ஆண்டு நிறைவு. மாவட்டம் முழுக்கச் சிவப்புத் துணிக்குத் தட்டுப்பாடு. பால் பண்ணை நாற்பது கிலோ வெண்ணெயில் நட்சத்திரம் செய்யப்போகிறது என்று செய்தி வந்தது. பீர் ஆலை என்ன செய்யப்போகிறது என்று மாவட்டக் கட்சிக் குழு கேட்டது. பிஹ்லாக் கூட்டம் போட்டார். கடைசி வரிசையில் ஹூகோ எழுந்தார்.

"கறுப்பு பீர் காய்ச்சலாம். விழாவுக்குன்னு தனியா. கூடுதல் பார்லி வேணும்."

ஒரே நேரத்தில் அவர் அத்தனை வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. பிஹ்லாக்குக்கு நிம்மதியாகிவிட்டது. பார்லிக்கு உத்தரவு வாங்கினார். அடுத்த வாரமே வறுக்கிற வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

அல்வீனே அந்த வாசனை வந்த அன்று வேலைக்கு நடுவில் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பீப்பாய் இல்ல. அவங்க விழாவுக்கு ஒரு தொட்டியே இருக்கு. அதுவும் அவரோட பீர்! எர்னா, அவரைக் கொன்னவங்க வாயை நனைக்க அவர் பீரையே ஊத்திக் குடுக்கிறான் அந்த ஹூகோ."

"மெதுவா பேசுடி."

"நான் விழாவுக்கு வரமாட்டேன்."

"வரலைன்னா பேரைக் குறிச்சுக்குவாங்க. நீ திரும்பி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. ரூமைப் பிடுங்கிடுவாங்க. வந்து ஒரு மூலையில உட்கார்ந்துட்டுப் போ. குடிக்க வேணாம்."

"குடிக்கமாட்டேன். அது மட்டும் நிச்சயம்" என்றாள்.

நவம்பர் ஏழு, புதுக் காலண்டரில் புரட்சி நாள். காலையில் சந்தைத் திடலில் ஊர்வலம். ஈரப்பனி விழுந்து கொடிகளெல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. மதியச் சாப்பாடு ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில். மேஜைகளில் கம்பு ரொட்டி, உப்பு மீன், உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சியைக் கொதிக்கவைத்து உறையவிட்ட சூல்ட். தலைமேஜையில் பிஹ்லாக்கும் மாவட்டச் செயலாளர் கொரோவினும். கொரோவின் ரஷ்யர், தடித்த உடம்பு, போரில் இரண்டு விரல் போன கை. எங்கள் மொழி அவருக்கு வராது. பிஹ்லாக்தான் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அல்வீனே கதவோர மேஜையில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில்.

"இப்ப நம்ம ஆலையோட விழாப் பரிசு!" என்றார் பிஹ்லாக்.

இரண்டு கதவுகளும் திறந்தன. ஆகுஸ்டும் இன்னொருவரும் பீப்பாயை உருட்டி வந்தார்கள். பின்னால் ஹூகோ. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். பீப்பாயின் வயிற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா. மேல்வளையத்தில் அலங்காரத்துக்குத் தேவதாருக் கிளை.

பீப்பாயை நிமிர்த்தி மரத்தாங்கியில் ஏற்றினார்கள். அப்போதுதான் பார்த்தேன். கிளையின் நுனி ஒடிக்கப்பட்டிருந்தது.

எனக்கு முன்னாலேயே வேறு யாரோ பார்த்திருக்க வேண்டும். நடு மேஜையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. மால்ட் வறுக்கிறவர்கள் எழுந்தார்கள், வண்டிக்காரர்கள் எழுந்தார்கள், எங்கள் பெண்கள் எழுந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. கூடம் முழுக்க நின்றது.

"என்ன கட்டுப்பாடு பாருங்க!" என்று கொரோவின் ரஷ்ய மொழியில் பிஹ்லாக்கிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஹூகோ குழாயைத் திறந்தார். முதல் குவளை நிரம்பியது. கறுப்பு, மேலே பழுப்பு நுரை. பிஹ்லாக் வாங்கிக் கொரோவினிடம் கொடுப்பதற்காகக் கையை நீட்டினார். ஹூகோ அந்தக் கையைத் தாண்டி நடந்தார். மேஜைகளுக்கு நடுவே, கூடத்தின் கடைசி வரை. அல்வீனே மட்டும்தான் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே நின்று இரண்டு கைகளாலும் குவளையை நீட்டினார்.

"ஆலை குடுக்குது" என்றார். "பெரிய வாசல் வழியா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. எழுந்தாள். குவளையை வாங்கினாள்.

இதற்குள் ஆகுஸ்ட் மற்ற குவளைகளை நிரப்பி எல்லா மேஜைக்கும் அனுப்பிவிட்டார். தலைமேஜைக்கும் போயின. எல்லோர் குவளையும் நெஞ்சு உயரத்தில் நின்றது. அவள் பெயரைச் சொல்லக் காத்திருந்தோம்.

ஹல்லிகாக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் ஒரு தப்பு செய்திருந்தோம். ஹூகோவும் சேர்த்துத்தான். குவளை மோதாமல் குடிக்கிற பழக்கம் எங்களுக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தோம். ரஷ்யனுக்கு என்ன தெரியும், விழாவுக்கு நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வான் என்று இருந்தோம். ரஷ்யக் கிராமத்தில் சாவு விழுந்தால் அவர்களும் மோதாமல்தான் குடிப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சைபீரியாவில் பதினைந்து வருஷம் இருந்த அல்வீனே.

கொரோவின் சிரித்துக்கொண்டே தன் குவளையைப் பிஹ்லாக்கின் குவளை பக்கம் நீட்டினார். பிஹ்லாக் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கொரோவின் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உயர்ந்த குவளைகள், ஒரு சத்தம் இல்லை. சிரிப்பு மெல்ல மறைந்தது.

"யார் செத்தது?" என்று கேட்டார்.

ரஷ்ய மொழியில்தான். ஆனால் அந்த இரண்டு சொல் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

பிஹ்லாக் அவர் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் சொன்னார். "புரட்சியில உயிர்விட்டவங்களுக்காக, தோழர் கொரோவின். எங்க தொழிலாளர்கள் அவங்களை நினைச்சு மௌனமா குடிக்கிறாங்க."

நல்ல பதில். எல்லோரையும் காப்பாற்றுகிற பதில். கொரோவின் முகம் இளகியது. தலையை ஆட்டிக் குவளையை உயர்த்தினார். ஹூகோ கண்களை மூடிக்கொண்டார். அல்வீனே வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஆலைக்கு ஆபத்தில்லை, ஹூகோவுக்கு ஆபத்தில்லை, அவள் அறைக்கும் ஆபத்தில்லை. மனசுக்குள் பெயரைச் சொல்லிக்கொண்டு குடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"இல்ல" என்றாள் அல்வீனே.

உரக்கச் சொன்னாள், ரஷ்ய மொழியில். சைபீரியாவில் அவர்களே கற்றுக்கொடுத்த மொழி.

"இது ஓஸ்வால்ட் கார்னருக்கு. இந்த ஆலையோட மாஸ்டர். நீங்க கையில வெச்சிருக்கிற பீர் அவரோடது. நாப்பத்திரண்டுல யூரல்ல, முகாம்ல மரம் வெட்டிக்கிட்டே செத்தார். நான் அவர் பொண்டாட்டி. எங்களுக்குச் சாவுச் சாப்பாடு நடக்கல. இதுதான் அது."

பாதிப் பேருக்கு மேல் முழுசாகப் புரிந்திருக்காது. "யூரல்" காதில் விழுந்தது. "ஓஸ்வால்ட் கார்னர்" காதில் விழுந்தது. பதினாறு வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழே யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

கொரோவின் குவளையை இறக்கவில்லை. "என்ன குற்றம்?" என்று கேட்டார்.

"எனக்குச் சொல்லல. அவர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. பீர் காய்ச்சினார்."

வெளியே ஒலிபெருக்கியில் மாஸ்கோ அணிவகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. கொரோவின் தன் கையில் இருந்த கறுப்பு பீரைப் பார்த்தார். அந்த இரண்டு விரல் இல்லாத கை. அப்புறம், யோசித்துச் சொன்ன மாதிரி இல்லாமல், வாய் தானாக முந்திக்கொண்ட மாதிரி, மெதுவாகச் சொன்னார்:

"மண்ணு அவருக்குப் பஞ்சா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். தன் ஊர்ச் சாவு வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தையாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் குடித்தார். எதிலும் மோதாமல் குவளையை மேஜைமேல் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே எட்டிப் பார்த்த சொற்பொழிவுக் காகிதத்தை உள்ளே தள்ளினார். பிஹ்லாக்கிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போனார். வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் குடித்தோம். நின்றபடி, ஒரு வாய், சத்தமில்லாமல். அல்வீனே முதலில். பிஹ்லாக்கும் குடித்தார்.

அதன் விலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருஷம் முடிவதற்குள் பிஹ்லாக்கை ஒரு செங்கல் சூளைக்கு மாற்றினார்கள். ஹூகோவை மாஸ்டர் வேலையிலிருந்து இறக்கி, மால்ட் புரட்டுகிற தளத்துக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம் மண்வாரியோடு நின்றார். கறுப்பு பீர் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. சாவுப் பீப்பாயில் மஞ்சள் பீர் போக ஆரம்பித்தது. கொரோவின்தான் மேலே சொன்னாரா, கூடத்தில் இருந்த எங்களில் ஒருவரா என்று இன்றுவரை தெரியாது. அல்வீனேயை மட்டும் யாரும் தொடவில்லை. ஏன் என்றும் தெரியாது.

அன்று மதியம் இதெல்லாம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தோம்.

ஹூகோ எங்கள் மேஜையிலேயே, அல்வீனேக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நனைஞ்ச கோணின்னு சொன்னேன் உங்களை" என்றாள் அவள்.

"காதுல விழுந்துச்சு."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வேணாம்னிருப்பீங்க. எங்களுக்கு ஆபத்துன்னு."

அவள் யோசித்தாள். "ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள்.

ஆகுஸ்டுக்கு இரண்டாவது குவளை உள்ளே போனதும் பழைய குரல் திரும்பிவிட்டது. "மாஸ்டர் ஓஸ்வால்ட் ரீகாவுக்குப் போற ரயிலை நிறுத்தின கதை தெரியுமா? பொருட்காட்சிக்கு ஏத்த வேண்டிய பீப்பாய் வர லேட்டு. தண்டவாளத்துல போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார் மனுஷன்!"

"நாற்காலி இல்ல, காலிப் பீப்பாய்" என்றார் ஒரு வண்டிக்காரர். "நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"நீ அப்ப ராணுவத்துல இருந்தே, அளக்காதே."

"ரெண்டும் இல்ல" என்றாள் அல்வீனே. கூடம் அவள் பக்கம் திரும்பியது. "அவர் எங்கயும் உட்காரல. டிரைவருக்கு ஒரு குவளை குடுத்தார். அவன் இன்னொண்ணு கேட்டான். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து என்கிட்டயே நாற்காலின்னுதான் புளுகினார். டிரைவரோட பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

முதலில் ஆகுஸ்ட் சிரித்தார். அப்புறம் கடைசி மேஜை வரை சிரிப்பு போனது. இன்னொருவர் இன்னொரு கதையை ஆரம்பித்தார். அவர் குறட்டை, அவர் கோபம், பீருக்குக் கசப்பூட்டப் போடுகிற ஹாப்ஸ் பூவைக் கசக்கிப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட வாங்காத பிடிவாதம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார்கள்.

அல்வீனே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கையை மேஜைமேல் ஊன்றி, சுவரிலிருந்து முதுகை எடுத்திருந்தாள்.

"எர்னா" என்றாள், "அந்த சூல்ட் தட்டை இந்தப் பக்கம் தள்ளு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."